மச்சான் பக்கம் திருப்பி வைத்த பெட்ரோல் முள்

திட்டினால் திருப்பித் திட்டலாம். அடித்தால், உடம்பு ஒத்துழைக்கும் பட்சத்தில், திருப்பி அடிக்கலாம். ஜெபத்தில் வைத்துச் சொன்னால் என்ன செய்வது? கண்ணை மூடி, தலையைக் குனிந்து, கடைசியில் ஆமென் என்று சொல்ல வேண்டியதுதான். நானும் சொன்னேன். என்மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையை நானே வாசித்துப் பார்த்து ஒப்பமிட்ட மாதிரி.

எங்கள் வீடுகளில் வண்டி கிளம்பும் முன் பயண ஜெபம் உண்டு. தக்கலை சந்தைக்குப் போனாலும் சரி, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, எல்லாரும் ஏறிக் கதவை அடைத்த பிறகு, உள்ளே இருப்பவர்களில் மூத்தவர் ஜெபிப்பார். ஓட்டுகிறவன் சாவியில் கை வைத்தபடி காத்திருக்க வேண்டும். எங்கள் வண்டியில் மூத்தவர் என் மனைவியின் அண்ணன். வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் ஒரு கம்பெனியின் லாரிகளுக்குப் பொறுப்பாக இருந்துவிட்டு வந்தவர். ஓட்டியது வேறு யாரோ. இவர் எந்த லாரி எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஆனாலும் எஞ்சின் என்று யாராவது வாய் திறந்தால் மச்சானைக் கேட்காமல் எங்கள் குடும்பத்தில் தீர்ப்பு கிடையாது.

வண்டியும் அவருடையதுதான். ஊரோடு வந்து சேர்ந்ததும் புதியது ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை என்னிடம் தள்ளிவிட்டார். தன் கையில் அது ஒருநாள்கூட நின்றதில்லை என்று சொல்வார். அது பொய் இல்லை. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அவர் அதை வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து வீட்டுக்கும் ஓட்டினார். நடுவில் ஒரு பாலம் உண்டு. ஏற்றம் என்று சொல்ல அதுதான்.

என் மனைவியின் தங்கை மகளுக்குப் பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் வைத்திருந்தார்கள். மச்சான் தன் புதிய வண்டியை ரப்பர் தோட்டத்துப் பாதைகளில் இறக்க மாட்டார், கோடு விழுந்துவிடும். எனவே என் வண்டியில் முன் இருக்கையில் அவர். பின்னால் என் மனைவியும், மச்சானின் மனைவியான மைனியும். அவர்கள் மடியில் மோதிரமும் பழத்தட்டுகளும். குலசேகரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டிக்கு மூச்சு வாங்கியது. இரண்டு முறை குலுங்கியது. ஒரு வளைவில், பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் என் பூர்வீகத்தையெல்லாம் சொல்லும்படி, நின்றேவிட்டது. கால் மணி நேரம் கழித்துக் கிளம்பி, அடுத்த வளைவில் மறுபடியும். அங்கே மாப்பிள்ளை வீட்டில் போதகர் வந்து உட்கார்ந்தாயிற்று, மோதிரம் மட்டும் வரவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் தாமதம். திட்டு ஒன்றும் விழவில்லை. திரும்பும்போது மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வழியனுப்ப நிற்க, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மச்சான் ஜெபிக்கத் தொடங்கினார்.

“அன்பின் பரலோகப் பிதாவே, எங்களுக்கு நீர் தந்த இந்த நல்ல வாகனத்துக்காக ஸ்தோத்திரம். இத்தனை வருஷமும் ஒரு குறைவும் இல்லாமல் எங்களைச் சுமந்த வாகனம், கர்த்தாவே. இதை இப்போது ஓட்டுகிற உம்முடைய பிள்ளையின் கால்களைப் பெலப்படுத்தும். மிதிக்க வேண்டிய இடத்தில் மிதிக்கவும், விட வேண்டிய இடத்தில் விடவும் அவருக்கு ஞானத்தைத் தாரும்.”

வாசலில் நின்ற முப்பது பேரும் ஆமென் என்றார்கள். என் மனைவியின் ஆமென் கொஞ்சம் ஓங்கிக் கேட்டதாக எனக்கு ஞாபகம். அவள் இல்லை என்கிறாள்.

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மறந்திருக்க மாட்டேன். எட்டாம் வகுப்பில் என் பேனாவை எடுத்தவனை இன்றும் பஸ் நிலையத்தில் கண்டால் சட்டைப்பையைப் பார்க்கிறவன் நான். மச்சானும் விடவில்லை. அடுத்த வாரம் எங்கள் பகுதியின் வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகள் கேட்டபோது, ஒருவருடைய வீசாவுக்கும் இன்னொருவருடைய கிணற்றுக்கும் நடுவில், “நம்ம மாப்ளைக்க கால் பெலனுக்காக” என்று ஒன்றைச் சேர்த்தார். பெண்கள் ஜெபக்குழு அதைக் குறித்துக்கொண்டது. அவர்களுக்கு வண்டி விஷயம் தெரியாது. கால் பெலன் என்றால் கால் பெலன்தானே.

மறுநாள் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒரு குப்பியில் முறிவெண்ணெய் கொண்டுவந்தார்.

“முட்டுக்கு மேலயா, கீழயா?”

“டீச்சர், எனக்குக் காலில் ஒண்ணும் இல்ல.”

“மறைக்காண்டாம். சுகர் உண்டா?”

அலுவலகத்தில் என்னை மாடிக்கு ஏறவேண்டாம் என்றார்கள். கோப்பு கீழே வந்தது. அந்த ஒரு நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நிற்க வேண்டிய பாட்டுக்கு, பக்கத்திலிருந்தவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தபோது முடிவு செய்தேன். குற்றம் காலில் இல்லை, வண்டியில் இருக்கிறது. அதை மச்சானே தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

தக்கலையில் இரண்டு பட்டறைகளில் காட்டினேன். பட்டறை வாசலில் நிற்கும்போது அது உலகிலேயே ஒழுக்கமான வண்டி. கணினியைச் செருகிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றது. இரண்டாவது பட்டறைக்காரர் என்னை ஓட்டச் சொல்லி, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் செய்தி போயிருந்தது போல.

எனக்குத் தெரிந்த ஒரே மருந்து வாசிப்பது. ஒரு வாரம் வாசித்தேன். பெட்ரோல் தொட்டிக்குள் இருக்கும் பம்பு எஞ்சினுக்குக் குறிப்பிட்ட அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ள வேண்டும். பம்பு தளர்ந்துவிட்டால் சமதளத்தில் சமாளித்துக்கொள்ளும். நான்கு பேரோடு ஏற்றத்தில் மிதிக்கும்போதுதான் கேட்டதைக் கொடுக்க முடியாமல் அழுத்தம் விழும். அதாவது, குற்றம் நடக்கும் நேரத்தில் பார்த்தால்தான் தெரியும். அதற்கு வழி, அழுத்தம் காட்டும் டயல் ஒன்றை வண்டிக்குள், இருக்கைக்கு எதிரே வைப்பது.

உடனே தபாலில் ஒன்று வரவழைத்தேன். வட்டமான டயல், சிவப்பு முள், பித்தளை மூட்டு, இரண்டு மீட்டர் ரப்பர் குழாய். கையில் வாங்கியபோது, முதல் முறையாகத் துப்பாக்கி வாங்கியவனின் சந்தோஷம் எனக்கு.

அதைப் பொருத்த, கடற்கரையில் படகு எஞ்சின்களும் கார்களும் பழுது பார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். மச்சானுக்கு அறிமுகம் இல்லாத மெக்கானிக் மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான் என்பது அவருடைய முதல் தகுதி. பொட்டலத்தைப் பிரித்து, குழாயை நீட்டிப் பார்த்தார்.

“இத எங்க வைக்கப் போறிய?”

“உள்ளே. டாஷ்போர்டில்.”

“அப்ப இந்தக் குழாய்?”

“அதுவும் உள்ளேதானே வரணும்?”

“இதுக்குள்ள என்ன ஓடும் சாரே?”

“பெட்ரோல்.”

அவர் குழாயை மெதுவாகச் சுருட்டி என் மடியில் வைத்தார்.

“முள்ளுக்குப் பின்னால வரைக்கும் பெட்ரோலு வந்து நிக்கும். சும்மா இல்ல, பம்பு தள்ளுத வேகத்தில. ஒரு கிளிப்பு இளகினா உங்க மடியில மழை. உள்ள வயரு இருக்கு, சுவிட்ச் இருக்கு. எஞ்சினுக்கும் நமக்கும் நடுவுல ஒரு தகரச் சுவரு வச்சிருக்கான் பாத்தியளா? அத வச்சவன் பொட்டன் இல்ல.” தன் இடது முழங்கையைத் திருப்பிக் காட்டினார். சுருங்கிப் பளபளத்த தோல். “படகில மூடுன அறைக்குள்ள குழாய் கசிஞ்சது. நான் சுவிட்ச்சைத்தான் போட்டேன். சாரே, ஒண்ணு கேக்கேன். உங்களுக்குப் பெட்ரோலு உள்ள வரணுமா, பெட்ரோலுக்க சேதி உள்ள வரணுமா?”

இத்தனை புத்தகம் வாசித்தவனுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை.

“சேதி,” என்றேன்.

“சேதி மதி, அது போதும். பெட்ரோலு அங்கனயே கெடக்கட்டு.”

எஞ்சின் பக்கம் ஒரு சென்சர் வைக்க வேண்டும். அழுத்தத்தை அது மின்சாரமாக மாற்றும். அதிலிருந்து வயர் மட்டும் உள்ளே வந்து, அதற்கென்று உள்ள டயலில் முள்ளை ஆட்டும். ஆனால் சென்சர் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். அடுத்த சனிக்கிழமை மச்சான் வீட்டோடு பேச்சிப்பாறை அணை பார்க்கப் போவதாக ஏற்பாடு. இரண்டு வாரம்! அதற்குள் இரண்டு ஜெபக் கூட்டங்கள் இருந்தன.

இந்த இடத்தில் நான் செய்ததை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனால் என் மனைவி இதை வாசிப்பாள்.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, வீட்டு முற்றத்தில் நானே பொருத்தத் தொடங்கினேன். மேஸ்திரி சொன்ன அத்தனையும் ஞாபகம் இருந்தது. ஒரே நாளைக்குத்தானே, அணை வரைக்கும்தானே, மச்சான் பார்த்ததும் கழற்றிவிடலாமே என்று எனக்கே சமாதானம் சொன்னேன். ரப்பர் குழாயைப் பெடலுக்கு மேலே வயர்கள் போகும் துளை வழியாக உள்ளே இழுத்தாயிற்று. டயலை டாஷ்போர்டில், மச்சானின் மூக்குக்கு நேராக, ஒட்டியும் ஆயிற்று. பிறகு எஞ்சின் அருகே பெட்ரோல் குழாயின் மூட்டைப் பிடித்துக் கிளிப்பை அழுத்தினேன்.

எஞ்சின் நின்ற பிறகும் குழாய்க்குள் அழுத்தம் அப்படியே இருக்கும் என்று நான் வாசித்த ஏழாவது பக்கத்தில் இருந்தது. எட்டாவது பக்கம்வரை நன்றாகவே வாசித்திருந்தேன். பெட்ரோல் விசிறி மாதிரி வந்தது. மூக்குக்கண்ணாடி, சட்டை, கழுத்து. கண்ணாடி இல்லையென்றால் கண்ணிலும். மூட்டைத் திரும்ப அழுத்திச் செருகிவிட்டு நிமிர்ந்தபோதுதான், இருபதடி தூரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை கண்ணில் பட்டது. உள்ளே ஷீட்டுகள் தொங்க, கீழே சிரட்டையும் விறகும் கனன்றுகொண்டிருந்தன. புகை நேராக என் பக்கம் வரவில்லை. காற்று என்ன நினைத்ததோ, அன்று கிழக்கே போயிற்று.

நான் அசையவில்லை. பெட்ரோலில் நனைந்த ஒரு மனிதன் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. என் மனைவி வாசனை பிடித்து வெளியே வந்தாள். கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“சட்டையக் களத்துங்க. அங்கனயே போடுங்க. அந்தப் பக்கம் நடங்க, புகைப்புரை பக்கம் போகாதீய.”

பக்கத்து வீட்டில் சொல்லி நெருப்பை அணைக்க வைத்தாள். என் தலைவழியே நான்கு வாளி தண்ணீர் ஊற்றினாள். மேஸ்திரிக்கு அவளே போன் செய்தாள். சாவியைத் தொடக் கூடாது, பேட்டரியையும் தொடக் கூடாது, கதவையெல்லாம் விரியத் திறந்து போட்டுவிட்டு விலகி நிற்க வேண்டும், நான் வருகிறேன் என்றார். வந்ததும் உள்ளே தலையை நீட்டி மோந்தார். என் குழாயை உள்ளேயிருந்து உருவி எடுத்தார், பாம்பு பிடிக்கிறவன் எடுப்பதைப் போல. வாசனை முழுக்கப் போன பிறகு நாங்கள் மூன்று பேருமாக வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளினோம்.

தள்ளும்போதுதான் மனைவி பேசினாள். “ரோஷம் உங்களுக்கு. தீப் பிடிச்சா வீடு எனக்கும் சேத்துல்லா போவும்?”

“உன் அண்ணன்தான்...”

“அண்ணன் வாயால சொன்னான். நீங்க பெட்ரோல ஊத்திக் காட்டுதிய.”

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நிமிஷத்திலும் நான் முதலில் நினைத்தது உயிரைப் பற்றி இல்லை. நான் எரிந்து போயிருந்தால் அடக்க ஆராதனையில் மச்சான் ஜெபித்திருப்பாரே, அதில் என் காலைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்பதைத்தான்.

அணைப் பயணத்தை ஒத்திப்போட்டேன். சென்சர் வந்ததும் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம். கூரை மட்டும் உள்ள, நான்கு பக்கமும் கடல்காற்று அடிக்கும் இடம். முதலில் தீயணைப்புக் குப்பியைக் கை எட்டும் தூரத்தில் வைத்தார். என் போனை வாங்கித் தூரத்தில் ஒரு மீன்பெட்டி மேல் வைத்தார். பிறகு பெட்ரோல் பம்பின் ஃபியூசைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓடவிட்டார். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு அது தானாகவே நின்றது. மறுபடி சாவி கொடுத்துப் பார்த்தார், இருமக்கூட இல்லை. “இப்ப குழாயில பெலன் இல்ல,” என்றார். அந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் வலித்தது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கினார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். மூட்டுக்கு அடியில் துணி வைத்துத் திறந்தபோது நாலு சொட்டுதான் விழுந்தது. நான் குளித்த அதே மூட்டு. அங்கே மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்றைச் செருகினார்: ஒரு வாயில் வருவது, ஒரு வாயில் போவது, மூன்றாவதில் சென்சர். நான் தபாலில் வாங்கிய குழாயை எடுத்து நீட்டினேன். அதன்மேல் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, “இது தண்ணிக்கும் காத்துக்கும் உள்ளதாக்கும்,” என்று ஓரமாகப் போட்டார். இந்த அழுத்தத்துக்கென்று உள்ள பெட்ரோல் குழாயை வெட்டி, ரப்பரை அறுக்காத வழவழப்பான கிளிப்புகளால் இறுக்கினார். சென்சரை எஞ்சினின் ஆட்டத்தில் தொங்கவிடாமல் ஒரு தகடு வைத்து உடம்போடு பிணைத்தார். சூடான புகைக்குழாயிலிருந்து விலக்கி வயரை உறைக்குள் நடத்தி, தகரச் சுவரில் ஏற்கெனவே ரப்பர் வளையம் போட்டிருந்த துளை வழியாக உள்ளே விட்டார். வெறும் துளை என்றால் தகர விளிம்பு என்றாவது வயரை அறுத்துவிடுமாம். மின்சாரத்துக்குச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் இடத்தைத் தேடி, நடுவில் சின்ன ஃபியூஸ் ஒன்றும் வைத்தார்.

டயலை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு.

“ஸ்டீரிங்குக்கு இந்தப் பக்கம் வைப்பம். ஓட்டுதவனுக்குத் தெரியணும்லா.”

“ஓட்டுகிறவனுக்கு வேண்டாம். இடது பக்கம் இருப்பவருக்குத் தெரிந்தால் போதும்.”

“அவரு மெக்கானிக்கா?”

“அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.”

மேஸ்திரி ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஜெபம், முறிவெண்ணெய், எழுந்து நிற்க விடாமல் தோளை அழுத்திய கை. அவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். “எங்க கோயில்ல இதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில, சாமியாருக்க காதுலதான் சொல்லணும்,” என்றார். கடைசியில் உடன்பாடு: இடது பக்க ஏர்பேக் மூடியின் மேல் வைக்கக் கூடாது, பாதையை மறைக்கக் கூடாது; அதனால் நடுவில், கீழே, ஆனால் முகம் மட்டும் இடது பக்கம் திருப்பி.

பேட்டரியையும் பம்பு ஃபியூசையும் மாட்டி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் மூன்று முறை போட்டு எடுத்தார். முள் எழுந்து மூன்றரையில் நின்றது. காய்ந்த காகிதத்தால் ஒவ்வொரு மூட்டையும் தொட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஈரம் இல்லை. பிறகு எஞ்சினை ஓட்டி, சூடேறிய பிறகு மறுபடியும் அதே காகிதம், அதே டார்ச். நான் கேட்டுக்கொண்டதற்காக, தன்னுடைய சோதனை டயலை எஞ்சின் பக்கமே சற்று நேரம் மாட்டி, இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்டுவதை நான் படம் எடுக்கவிட்டார். மீட்டர் பொய் என்று மச்சான் சொல்வார் அல்லவா? தீயணைப்புக் குப்பி ஒன்றை என் இருக்கைக்கு அடியில் மாட்டாமல் வண்டியை வெளியே விட மாட்டேன் என்றார். மாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை. குற்றம் நடந்த அதே பாரம் வேண்டும் என்பதால் மைனியையும் மனைவியையும் ஏற்றி, பழத்தட்டுகளுக்குப் பதிலாகப் பின்னால் இரண்டு பெரிய பலாப்பழங்களையும் வைத்தேன். ஏசியையும் போட்டேன். மச்சான் முன்னால் ஏறி, வழக்கம்போல் என் கால்களைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தார். நான் ஆமென் சொன்னேன், எவ்வளவு இனிமையாகச் சொன்னேன் என்றால், மனைவி கண்ணாடியில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

“இது என்னவாக்கும் மாப்ள, புதுசா வாட்ச்?”

“பெட்ரோல் அழுத்தம் காட்டுவது மச்சான். பம்பு நல்லா இருந்தா முள்ளு மூன்றரையிலேயே நிக்கும். அதைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க, எனக்கு ரோட்டப் பாக்கணும்.”

குலசேகரம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மிதித்தேன். மூன்றரை மூன்றானது. இரண்டரை. வண்டி குலுங்கியது. என் வாழ்க்கையில் ஒரு வண்டி குலுங்கியதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பஸ்காரனை வம்புக்கு இழுத்த அதே வளைவில், ஓரமாக இடம் பார்த்து ஒதுக்கும்போது, முள் இரண்டுக்குக் கீழே படுத்துவிட்டது. எஞ்சின் நின்றது.

“மச்சான், முள்ளு எங்க நிக்குது?”

மச்சான் முள்ளைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார்.

“கண்ணாடி எடுக்கேல மாப்ள. எனக்கு ஒண்ணும் தெரியல்ல.”

“பெரிய முள்ளு மச்சான். சிவப்பு.”

“சிவப்புதான் எனக்குத் தீரப் பிடிபடாது.”

பின்னாலிருந்து மைனி எட்டிப் பார்த்தார். “ரெண்டுக்குக் கீழல்லா கெடக்கு. எனக்கே தெரியுது.”

“நீ சும்மா இரிட்டி. அந்த மீட்டரு செரியா இருக்கணும்லா முதல்ல.”

போனில் இரண்டு முள் படத்தைக் காட்டினேன். போனை வாங்கி, கையை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, திருப்பித் தந்தார். “கண்ணாடி இல்லாம படமும் தெரியாது மாப்ள. நீரு பைய மிதிச்சுப் பாரும்.” ஐந்து நிமிஷம் கழித்து, தோட்டத்துக்குள் அரை பர்லாங் தூரத்தில் போன ஒருவனை, “அது நம்ம வக்கீலுக்க டிரைவருல்லா,” என்று கூப்பிட்டுக் கையசைத்தார்.

நான் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்திருந்தேன். இருக்கைக்கு அடியில் தீயணைப்புக் குப்பி இருந்தது. அது வேறு வகைத் தீக்கு உள்ளது.

மறுவாரம் மேஸ்திரி பம்பை மாற்றினார். கழற்றிய பம்பைக் கையில் உருட்டி, “இது எப்பவோ செத்த கேஸ்,” என்றார். அதன் பிறகு அதே ஏற்றத்தில் இரண்டு முறை போய்வந்தேன். முள் மூன்றரையை விட்டு அசையவில்லை. இந்தச் செய்தியை என் மனைவி சந்தோஷமாகத் தன் அண்ணன் வீட்டில் சொல்லியிருக்கிறாள். பம்பு என்ற சொல்லைச் சொன்னதாகத்தான் சத்தியம் செய்கிறாள்.

அந்த வார வீட்டுக் கூட்டம் எங்கள் வீட்டில். நாற்பது பேர், வராந்தாவிலும் பாய். கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல மச்சான் எழுந்தார்.

“நம்ம மாப்ளைக்க கால் பெலனுக்காக எத்தன மாசமா ஜெபிச்சோம். இப்ப பேச்சிப்பாறை ஏத்தத்தில ஒரு தடவகூட வண்டி நிக்கல்ல. கர்த்தர் நல்லவர்.”

அறை முழுக்க ஸ்தோத்திரம். முறிவெண்ணெய் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ என்னை எழுந்து ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எழுந்தேன். பெட்ரோல் பம்பு என்று தொடங்க வாய் திறந்தபோது, டீச்சர் என் முழங்காலை அப்படி ஒரு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பேருக்கு அழுத்தம், சென்சர், மூன்றரை எல்லாம் விளக்கி முடிக்கும்போது காப்பி ஆறிவிடும். ஸ்தோத்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். அறையின் அந்தக் கோடியிலிருந்து. கண்ணாடி இல்லாமல்.

கூட்டம் நடத்தியவர் வழக்கப்படி சொன்னார்: “வீட்டுக்காரர் முடிவு ஜெபம் பண்ணட்டு.”

நான் பொதுவாக இதற்குத் தப்பித்து அடுக்களைக்குப் போய்விடுகிறவன். அன்று போகவில்லை. எல்லாரும் கண்ணை மூடும்வரை காத்திருந்தேன்.

“அன்பின் பரலோகப் பிதாவே, அடியேனின் கால்களைப் பெலப்படுத்தியதற்காக ஸ்தோத்திரம். இப்போதும் எங்கள் மச்சானுடைய கண்களை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம், கர்த்தாவே. அவர் வெளியே சொல்ல மாட்டார். முகத்துக்கு முன்னால், இரண்டடி தூரத்தில் இருக்கிற சிவப்பு முள்ளைக்கூடக் காண முடியாமல், பேச்சிப்பாறை வளைவில் வைத்து, தம் சொந்த வாயால் அதை எங்களிடம் அறிக்கையிட்டாரே. அவர் பார்வையைத் தெளிவாக்கும். புதிய வாகனத்தை அவர் தனியாக ஓட்டும்போதெல்லாம் பாதையில் வருகிறவர்களைப் பாதுகாத்தருளும்.”

நாற்பது பேரின் ஆமென் ஓடுகளில் முட்டியது. பெண்கள் பக்கத்திலிருந்து, “ஐயோ, பாவம்,” என்று ஒரு குரல். எல்லாரும் சொன்ன பிறகு ஒரு ஆமென் தனியாக, தாமதமாக வந்தது. அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன்.

கண்ணைத் திறந்தபோது டீச்சர் மச்சானின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்துக்கு நேராக இரண்டு விரலைக் காட்டி, “இது எத்தன?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது காலையில் அலுவலகம் போகும் வழியில் மச்சான் வீட்டைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கிறேன். கேட்டில் தினமும் ஒரு பொன்னாங்கண்ணிக் கீரைக்கட்டு தொங்குகிறது. ஜெபக்குழுவில் முறை வைத்திருக்கிறார்கள். புதிய வண்டி பத்து நாளாக வெளியே வரவில்லை; ஆபரேஷன் முடியட்டும் என்று மைனி சாவியை எடுத்து ஒளித்துவிட்டாராம். என்ன ஆபரேஷன் என்று யாருக்கும் தெரியாது. கீரைக்கட்டைப் பார்த்துவிட்டு மிதிக்கிறேன். முள் மூன்றரையில் நிற்கிறது, முகத்தை இடது பக்கம், ஆளில்லாத இருக்கையின் பக்கம் திருப்பியபடி.